குற்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள்



இன்று எடுத்துக்கொண்ட பொருள் கோர்ட்டுக் காகிதம். நம் விருதுநகர் மாவட்டத்துக் குற்ற வழக்குகளின் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன? யாரிடம் கேட்க வேண்டும்? எப்படிக் கேட்டால் கையில் கிடைக்கும்? இது வக்கீல்களின் வேலைதானே, நமக்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் வாழ்கிறவர்கள் அப்படி நினைக்கவே கூடாது.

ஏன்? பட்டாசு ஆலைகளில் வெடி விபத்து நடந்த நாள்களை எண்ணிப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 40 பேரளவில் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம். 20-க்கும் மேற்பட்டோர் போனார்கள். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது, இரங்கல் வருகிறது, நிவாரணத் தொகை வருகிறது. கடைசி வரியாக, 'கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த புகாரின் பேரில் போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்' என்று வருகிறது.

அதற்குப் பிறகு? குற்றப்பத்திரிகை தாக்கலானதா? எந்தக் கோர்ட்டில்? யார் யார் சாட்சி? தீர்ப்பு வந்ததா, விடுதலையா, தண்டனையா? பத்திரிகை சொல்வதில்லை. கோர்ட்டுக் கட்டு ஒன்றுதான் சொல்லும். அந்தக் கட்டு ரகசியப் பெட்டி இல்லை. கேட்கத் தெரிந்தவருக்கு அது திறக்கும்.

முதலில் எங்கே தேடுகிறோம்? இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்தால் நாட்டின் எந்த மாவட்ட நீதிமன்ற வழக்கையும் தேடலாம். கட்டணம் கிடையாது. மகிழ்ச்சியோடு ஆலையின் பெயரைத் தட்டுகிறோம். ஒன்றும் வராது. இறந்துபோன மகளின் பெயரைத் தட்டுகிறோம். அதற்கும் ஒன்றும் வராது. உடனே, 'கேஸே போடவில்லை, அமுக்கிவிட்டார்கள்' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

நண்பர்களே, கேஸ் இருக்கும். தேடிய பெயர்தான் அங்கே இருக்காது. குற்ற வழக்கில் ஒரு தரப்பு அரசு. 'இன்ஸ்பெக்டர் ஆஃப் போலீஸ், இன்ன காவல் நிலையம்' என்று பதிந்திருக்கும். மறுதரப்பு குற்றம் சாட்டப்பட்டவர். ஏ-1 என்கிறார்களே, அவர் பெயர். நம் பட்டாசுத் தொழிலில் அந்த ஏ-1 யார்? பெயர்ப் பலகையில் ஒரு கம்பெனி. உரிமம் இன்னொருவர் பெயரில். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று அதிலேயே பல வகை. உள்ளே அறைகளைக் குத்தகைக்கு எடுத்து வேலை வாங்குகிறவர் வேறொருவர். அவருக்குக் கீழே ஒரு போர்மேன். அச்சன்குளத்திலும் உரிமம் ஒருவரிடம் இருக்க, வேலையை நடத்தியவர்கள் குத்தகைதாரர்கள். இதில் யார் ஏ-1 என்று அங்கே மருந்து செலுத்திய பெண்ணின் தாய்க்கு எப்படித் தெரியும்? உயிரைக் கொடுத்தவரின் பெயர் கட்டுக்குள்ளே பிரேத விசாரணை அறிக்கையில் இருக்கிறது. கட்டின் மேலே, தேடுகிற இடத்தில், இல்லை. இந்த ஏற்பாடு மாற வேண்டும். இறந்தவரின் பெயரைக் கொண்டும் வழக்கைத் தேட வழி செய்ய வேண்டும். அது வருகிறவரை நமக்குக் கைகொடுப்பது ஒன்றே ஒன்றுதான்.

அது குற்ற எண்.

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவானதும் அதற்கு ஓர் எண் விழுகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் ஜனவரியில் ஒன்றிலிருந்து தொடங்கும் எண். ஆகவே எண் மட்டும் போதாது. நிலையத்தின் பெயர், எண், ஆண்டு, மூன்றும் சேர்ந்தால்தான் அது சாவி. நிலையத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். நம் ஊர் எந்த ஊர் ஸ்டேஷன் எல்லை என்பது எல்லாருக்கும் தெரிவதில்லை. அச்சன்குளம் வழக்கு பதிவானது ஏழாயிரம்பண்ணை நிலையத்தில். இணையப் பட்டியலில் ஏழாயிரம்பண்ணையை ஆங்கிலத்தில் 'எலாயிரம்பண்ணை' என்று வாசிக்கும்படி எழுதியிருப்பார்கள். தமிழ் ஒலியை மனத்தில் வைத்துத் தேடினால் கண்ணில் படாது. பொறுமையாகப் பட்டியல் முழுவதையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

நிலையம், எண், ஆண்டு. இந்த மூன்றும் கையில் இருந்தால் என்ன கிடைக்கும்? தமிழ்நாடு காவல்துறையின் இணையப் பக்கத்தில் முதல் தகவல் அறிக்கையை இறக்கிக்கொள்ளலாம். இது யாரும் இரங்கிக் கொடுத்த சலுகை இல்லை. 2016 செப்டம்பர் 7 அன்று, யூத் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு: பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும்; இணைய வசதி குறைந்த இடம் என்றாலும் 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. வெடி விபத்துக்கு விலக்கு கிடையாது.

இணையம் வேண்டாம், காகிதம்தான் வேண்டும் என்றால்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே, இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் என்றால் அவருடைய சட்டப்படியான வாரிசும் அதில் அடக்கம். 'புகார் கொடுத்தது வி.ஏ.ஓ., உங்களுக்கு எதற்குக் காப்பி?' என்று யாராவது கேட்டால், 'செத்தது என் பிள்ளை, சட்டம் எனக்கும் கொடுக்கச் சொல்கிறது' என்று தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

அந்த வி.ஏ.ஓ. விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. வெடி விபத்து வழக்குகளில் பெரும்பாலும் அவர்தான் புகார்தாரர். அதனால் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். வருகிறது. விசாரணை முடிந்து, மேல்நடவடிக்கை தேவையில்லை என்று போலீசார் அறிக்கை வைத்தால், புகார்தாரருக்கு நோட்டீஸ் போகும். ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்பார்கள். அது யார் வீட்டுக்குப் போகும்? வி.ஏ.ஓ.வுக்குப் போகும். அவர் அதற்குள் வேறு கிராமத்துக்கு மாற்றலாகிப் போயிருப்பார். 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நிலையைப் பற்றியே பேசியது. இறந்தவரின் உறவினருக்கு நோட்டீஸ் பெறும் உரிமை இல்லை. ஆனால் அந்த அறிக்கையை மாஜிஸ்திரேட் பரிசீலிக்கும்போது நேரில் வந்து தன் பக்கத்தைச் சொல்லும் உரிமை உண்டு என்றது. பேசும் உரிமை இருக்கிறது, தகவல் மட்டும் வராது! தகவல் வராத இடத்தில் பேசும் உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குற்ற எண்ணை வைத்து நாமே போய்ப் பார்த்துக்கொள்வதுதான் வழி. புதிய சட்டத்தின் 193-ஆம் பிரிவு, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவிக்காவிட்டால் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. இனி எண் மாறும். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். கவனக்குறைவால் மரணம் என்று மட்டும் வழக்கு இருந்தால், சாத்தூரிலோ சிவகாசியிலோ மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே சி.சி. எண் போட்டு நடக்கும். கொலையாகாத மரண விளைவிப்பு என்ற பெரிய பிரிவும் சேர்ந்திருந்தால், அது அமர்வு நீதிமன்றம் மட்டுமே விசாரிக்கக்கூடிய வழக்கு. முதலில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.ஆர்.சி. எண். அங்கிருந்து அனுப்பி வைக்கப்பட்டதும் அமர்வு நீதிமன்றத்தில் எஸ்.சி. எண். ஒரே விபத்து, மூன்று எண்கள். 'இந்த நம்பரில் கேஸ் இல்லை' என்று அலுவலகத்தில் சொல்வது பொய்யாக இருக்காது. நாம் பழைய எண்ணைச் சொல்லியிருப்போம். குற்ற எண் மட்டும் கடைசிவரை மாறாது. இ-கோர்ட்ஸில் எஃப்.ஐ.ஆர். எண் வழியாகத் தேடும் வசதி தனியாக இருக்கிறது. அதைத் தட்டினால் சி.என்.ஆர். என்ற 16 இலக்க அடையாளமும், அடுத்த வாய்தாத் தேதியும் வந்து நிற்கும்.

குற்ற எண்ணே தெரியவில்லை என்றால்? வழி இருக்கிறது. பெரிய விபத்துகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஜாமீனுக்கும் முன்ஜாமீனுக்கும் மதுரைக்குப் போகிறார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்குகிறது. விருதுநகர் மாவட்டம் அதன் எல்லைக்குள் வருகிறது. அங்கே பிறக்கும் ஜாமீன் உத்தரவுகள் உயர் நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உத்தரவின் முதல் பக்கத்திலேயே காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு மூன்றும் அச்சாகியிருக்கும். எதிராளி கேட்ட ஜாமீன் நமக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிறது!

இனி நேரில் போவோம். எங்கே? மாவட்டத் தலைநகர் விருதுநகர், கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில், ஆகவே பெரிய கோர்ட்டும் அங்கேதான் இருக்கும் என்று பஸ் ஏறிவிடாதீர்கள். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை அமர்வு நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரு நாள் கூலியை இழந்து கிளம்புகிறவர் தவறான ஊருக்குப் போய்த் திரும்பினால் மறுபடி கிளம்ப மனம் வருமா?

நகல் பிரிவில் கொடுக்க வேண்டியது நகல் மனு. கோர்ட்டின் பெயர், வழக்கு எண், இரு தரப்புப் பெயர்கள், எந்த ஆவணம், அதன் தேதி, கேட்பவர் யார் என்பதை எழுதி, உரிய கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். 'கேஸ் காகிதம் எல்லாம் வேண்டும்' என்று எழுதினால் மனு திரும்பும். வழக்கு முடிந்திருந்தால் முதலில் தீர்ப்பை மட்டும் கேளுங்கள். தீர்ப்பின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். அ.சா. 1, அ.சா. 2 என்று அரசுத் தரப்புச் சாட்சிகள் வரிசையாக இருப்பார்கள். அதன் கீழே அ.சா.ஆ. 1, அ.சா.ஆ. 2 என்று ஆவணங்கள், ஒவ்வொன்றுக்கும் தேதியோடு: புகார், பார்வை மகஜர், பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, தடய அறிவியல் அறிக்கை. எது தேவையோ அதன் எண்ணைக் குறிப்பிட்டு அடுத்த நகல் மனு போடலாம்.

மனு கொடுத்தால் வேலை முடிந்ததா? முடியவில்லை. எத்தனை பக்கம் என்று கணக்குப் பார்த்து, இவ்வளவு ஸ்டாம்ப் தேவை என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். உரிய நாளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் மனு தள்ளுபடியாகும். நகலைக் கையில் வாங்கியதும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு முத்திரை: மனு செய்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், தாக்கல் செய்த நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். ஐந்து தேதிகள். மேல்முறையீட்டுக்குக் கெடு எண்ணும்போது நகல் வாங்க ஆன நாள்களைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. குற்றவாளி இல்லை என்று விடுதலை வந்தால், பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமை இருக்கிறது. அந்த உரிமை பிழைப்பதும் சாவதும் இந்த ஐந்து தேதிகளில்தான். முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் அங்கேயே நின்று தெளிவாகப் போட்டு வாங்கிவிட்டு நகருங்கள்.

வழக்கில் சம்பந்தமே இல்லாதவர் கேட்கலாமா? பத்திரிகையாளர், ஆராய்ச்சி மாணவர், தொழிற்சங்கத்துக்காரர்? கேட்கலாம். தீர்ப்பால் பாதிக்கப்படும் எவரும் கட்டணம் செலுத்தி வழக்கு ஆவணங்களின் நகல் பெறலாம் என்கிறது புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 404-ஆம் பிரிவு. மற்றவர்களுக்கு உயர் நீதிமன்ற விதிகள் வழி வைத்திருக்கின்றன. எதற்காகக் கேட்கிறோம் என்ற காரணத்தை எழுதிக் கோர்ட்டின் அனுமதி பெற வேண்டும். 'எதற்கு இத்தனை வளையம், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டுவிடுகிறேன்' என்பவர்கள் 2020 மார்ச் 4 தேதியிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கு அது. கோர்ட்டுக் கட்டில் இருக்கும் காகிதத்துக்குக் கோர்ட் விதிப்படிதான் நகல் கேட்க வேண்டும், தகவல் உரிமைச் சட்டம் அதற்கு வழியாகாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லிவிட்டது.

அப்படியானால் தகவல் உரிமைச் சட்டம் நமக்குப் பயன்படாதா? நிறையப் பயன்படும்! ஆலைக்கு யார் உரிமம் கொடுத்தார்கள், கடைசியாக எப்போது ஆய்வு செய்தார்கள், எப்போதாவது உரிமத்தை நிறுத்தி வைத்தார்களா? இவை கோர்ட்டுக் கட்டுக்கு வெளியே அரசு அலுவலகங்களில் கிடக்கும் கோப்புகள். மாவட்ட நிர்வாகத்திடமும், வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையான பெசோவிடமும் அந்தச் சட்டத்தின் வழியே கேட்கலாம். அச்சன்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. தீர்ப்பாயத்தின் உத்தரவுகள் அதன் இணையதளத்தில் இருக்கின்றன. குற்ற வழக்கின் கட்டு கிடைக்கத் தாமதமானாலும் இவற்றைப் படிக்க எவருக்கும் தடை இல்லை.

இவ்வளவு அலைந்து அந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்வது? முதலிப்பட்டியை நினைத்துப் பாருங்கள். அன்று இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே இல்லை. புகையைக் கண்டு ஓடிவந்தவர்கள், காப்பாற்ற வந்தவர்கள், வேடிக்கை பார்க்க நின்றவர்கள். யார் தொழிலாளி, யார் வெளியாள் என்பதைப் பொறுத்து இழப்பீட்டின் வழியே மாறிவிடும். குத்தகை அறையில் வேலை பார்த்தவருக்கோ மஸ்டர் ரோலில் பெயர் இருக்காது, இ.எஸ்.ஐ. அட்டை இருக்காது. 'இவர் எங்கள் ஆளே இல்லை' என்று நிர்வாகம் சொன்னால் மறுக்க என்ன ஆதாரம்? உடல் எந்த இடத்தில் கிடந்தது, என்ன வேலையில் இருந்தார் என்று பிரேத விசாரணை அறிக்கையில் அன்றைக்கே எழுதிய வரிகள் இருக்கின்றன. கூட வேலை பார்த்தவரின் சாட்சியம் இருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுக்குக் கோரிக்கை வைக்கக் கெடு 2 ஆண்டு. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு நமக்காகக் காத்திருக்காது. காத்திருக்கத் தேவையும் இல்லை. குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்கு வந்ததும், வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கு அதன் நகலையும் சாட்சி வாக்குமூலங்களையும் இலவசமாகத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 230-ஆம் பிரிவு சொல்கிறது.

எல்லாக் காகிதமும் கிடைக்குமா என்றால், கிடைக்காது. போலீசின் விசாரணை நாட்குறிப்பு கிடைக்காது. பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம், சிறார்களின் அடையாளம் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. குற்றப்பத்திரிகைகளை எல்லாரும் பார்க்க இணையத்தில் ஏற்றச் சொல்லித் தொடுத்த வழக்கை 2023 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை மேல் கேஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தேடுகிறவர்கள் உண்டு. மாரியப்பனும் முத்துமாரியும் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கும் மாவட்டம் இது. தகப்பனார் பெயரும் ஊரும் பொருந்தாமல் யார் மீதும் பழி போடக்கூடாது. முதல் தகவல் அறிக்கை என்பது குற்றச்சாட்டு. தீர்ப்பு வேறாக வரலாம்.

பழைய வழக்குகளைத் தேடுகிறவர்களுக்கும் ஒரு சொல். விருதுநகர் தனி மாவட்டமானது 1985-இல். அதற்கு முன் ராமநாதபுரம் மாவட்டம். 1910-க்கு முன் சிவகாசியும் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலிச் சீமை. எந்த ஆண்டு என்று பார்த்துத்தான் எந்த மாவட்டக் காப்பகம் என்று முடிவு செய்ய வேண்டும். பழைய கட்டுகளை அழிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1917-ஆம் ஆண்டிலேயே அதற்கு ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். முடிந்துபோன வழக்குதானே, மெல்லக் கேட்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அச்சில் இருக்கிறது, இணையத்தில் இருக்கிறது, எவரும் படிக்கலாம். கீழ்க் கோர்ட்டுக் கட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நேரத்தில் நகல் எடுத்தவரிடம்தான் அவை மிஞ்சும்.

வக்கீலுக்குப் பணம்? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் பாருங்கள். பெண்களுக்கு இலவச வக்கீல். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இலவசம். தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவசம். பட்டாசு ஆலை விபத்தில் பாதிக்கப்பட்ட ஒரு பெண் தொழிலாளி இந்த மூன்றிலும் வருகிறாரே! மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வளாகத்தில் இருக்கிறது. போனில் கேட்க 15100.

ஆகவே உங்களை வேண்டிக்கொள்வது இது. உங்கள் தெருவில் வெடி விபத்தில் ஆள் இழந்த வீடு ஒன்றாவது இருக்கும். இந்த வாரம் அந்த வீட்டுக்குப் போங்கள். காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு மூன்றையும் கேளுங்கள். தெரியவில்லை என்றால் உட்கார்ந்து தேடிக் கொடுங்கள். கிடைத்ததைக் குடும்ப அட்டையோடு சேர்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். விபத்து நடந்து 2 ஆண்டு இன்னும் முடியாத வீடாக இருந்தால், முதலில் அங்கே போங்கள்.